உலகச் செய்திப் பக்கமும் அம்மாவின் அரை ஷிப்டும்

திருப்பூரில் உலகச் செய்தியை உள்ளூர்ச் செய்தியைப் போலத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். டாலர் இன்று என்ன விலை, செங்கடலில் கப்பல் போகிறதா, டாக்காவில் ஊரடங்கா, லண்டனோடு என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் அனுப்பர்பாளையத்து டீக்கடையிலும் ராயபுரத்து சலூனிலும் நாள்தோறும் அடிபடுகிற பேச்சு. நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி இந்த ஓர் ஊரிலிருந்து போகிறது. 2024-25 நிதியாண்டில் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அமெரிக்கா வாங்கியது என்பதை ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகூட இந்த ஊரில் சொல்லிவிடும்.

நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் பிரிவில், அதாவது வெளிநாட்டு பையர்களின் (வாங்குகிற நிறுவனங்களின்) ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவில், உதவியாளராக இருக்கிறேன். அம்மா வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அப்பா ஒரு பவர் டேபிளில், அதாவது பெரிய கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் கூடத்தில், ஓவர்லாக் டெய்லர். எங்கள் மூன்று பேருடைய சம்பளமும் எங்கோ கடல் தாண்டி யாரோ ஒருவர் தன் குழந்தைக்கு டி-சர்ட் எடுப்பதைப் பொறுத்தே வருகிறது. ஆகவே செய்தி படிப்பது எனக்குப் பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. ஆனால் கடந்த ஓராண்டாக, குறிப்பாக 2025 ஆகஸ்டுக்குப் பிறகு, இந்த ஊர் செய்தி படிக்கும் விதத்தைப் பற்றியே நிறைய யோசிக்கிறேன். நமக்கு இதில் என்ன லாபம், என்ன நஷ்டம் என்ற ஒரே கேள்வியோடு உலகத்தைப் படிக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்த சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரி. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடு வாரியாக வரிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவுக்கு 26 சதவீதம், வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46. அன்று எங்கள் ஊரில் பலர் மனதுக்குள் மகிழ்ந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நமக்குப் போட்டியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் நம்மைவிட அதிகம். ஆகவே ஆர்டர் இங்கேதான் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பட்டியல் தள்ளிவைக்கப்பட்டது. கோடைக்காலம் முழுவதும் பேச்சுவார்த்தை நடந்தது. ஆகஸ்டில் முடிவு வந்தபோது வங்கதேசம், வியட்நாம், இலங்கை மூன்றுக்கும் 20 சதவீதம் என்றும், இந்தியாவுக்கு 25 சதவீதம் என்றும் இருந்தது. அதன் மேல், ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. ஆகஸ்டு 27 முதல் மொத்தம் 50.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைப் பலர் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பருத்தி டி-சர்ட் அமெரிக்காவுக்குள் போக ஏற்கெனவே 16.5 சதவீதம் சுங்கம் உண்டு. புது வரி அதன் மேல் கூடியது. இங்கிருந்து 4 டாலருக்குப் போகிற ஒரு டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு அதற்குச் சுங்கம் 66 சென்ட். 2025 ஆகஸ்டு 27-க்குப் பிறகு 2 டாலர் 66 சென்ட். அதே விலைக்கு வங்கதேசத்திலிருந்து வாங்கினால் 1 டாலர் 46 சென்ட். இந்தப் பணத்தை அமெரிக்கத் துறைமுகத்தில் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான், திருப்பூர்க்காரர் கட்டுவதில்லை. ஆனால் கட்டப்போகிறவர் அடுத்த நாளே எங்களைப் போன்றவர்களுக்கு மெயில் அனுப்புகிறார்: விலையில் இவ்வளவு குறைக்க முடியுமா, முடியாவிட்டால் இந்த ஆர்டரை நிறுத்தி வையுங்கள். ஒரு பீஸுக்குச் சில ரூபாய் மிஞ்சினால் பெரிது என்று ஓடுகிற தொழிலில் அப்படிக் குறைப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. துணி ஏற்கெனவே பின்னிச் சாயம் ஏற்றி வந்திருக்கும். அந்த பையரின் லேபிளும் தைத்திருக்கும். அதை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

இப்போது இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. மேற்கு நாடுகள் ரஷ்ய எண்ணெயை ஒதுக்கின. அது தள்ளுபடி விலையில் வந்தது. போருக்கு முன்பு நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிப் போனது. அந்தத் தள்ளுபடியால் எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கவில்லை. அது நூறு ரூபாயை ஒட்டியேதான் நின்றது. ஆனால் அந்த எண்ணெய்க்கான தண்டனை மட்டும், அதை வாங்கவும் விற்கவும் எந்தத் தொடர்பும் இல்லாத செக்கிங் மேசைக்கு வந்து சேர்ந்தது. சுத்திகரிப்பு ஆலை ஒரு திசையில், பனியன் கம்பெனி ஒரு திசையில். வரி விதித்தவருக்கு இரண்டும் ஒரே நாடு.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே குழல்விளக்கு வரிசை. அதற்குக் கீழே நீளமான மேசை. இருபுறமும் பெண்கள் நின்றுகொண்டே வேலை செய்வார்கள். தைத்து வந்த பீஸை முதலில் முன்புறம், பிறகு பின்புறம், பிறகு உள்பக்கம் திருப்பித் தையல் என்று பார்க்க வேண்டும். பிசிறு இருந்தால் வெட்ட வேண்டும். எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எது தெரிந்தாலும் அதன் மேல் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட வேண்டும். அம்மாவின் கை இதை யோசிக்காமல் செய்யும். கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்து விடும்போதே அது சரியாகத் திரும்புகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கச் சரக்கு என்றால் விலைச் சீட்டும் இங்கேயே மாட்டப்படும். சைஸ் வாரியாக டாலர் விலை அச்சடித்த அட்டை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது; ஆனால் அந்த அட்டையின் எண்ணைப் பார்த்து, அது தன் ஒரு நாள் கூலியோடு எப்படிப் பொருந்துகிறது என்று கணக்குப் போடத் தெரியும்.

திருப்பூரில் ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். அந்த அரை ஷிப்ட்தான் குடும்பங்களைத் தூக்கி நிறுத்துகிறது. முழு ஷிப்ட் கூலி வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும். தம்பியின் கல்லூரிக் கட்டணம், சீட்டுப் பணம், பாட்டியின் மருந்து எல்லாம் அரை ஷிப்டிலிருந்து வருகிறது. செப்டம்பரில் அம்மாவின் கம்பெனியில் அரை ஷிப்ட் நின்றது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை. மாலை ஐந்தரைக்கே எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். வெளிச்சம் இருக்கும்போதே அம்மா வீடு திரும்புவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, "என்னக்கா, இன்னைக்கும் ஒரு ஷிப்ட்தானா?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் அதே நிலைமைதான்.

இந்த நாட்களில்தான் எனக்கு 2024-இன் ஜூலையும் ஆகஸ்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. வங்கதேசத்தில் அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய போராட்டம் பெரும் கிளர்ச்சியாக மாறியது. ஊரடங்கு போட்டார்கள், இணையத்தைத் துண்டித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகஸ்டு 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். அந்தச் சில வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. பெரும்பாலானோர் இளைஞர்கள். என் வயதுக்காரர்கள்.

அப்போது எங்கள் ஊரில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: அங்கே ஃபேக்டரி எல்லாம் மூடிக் கிடக்கிறது, இனி நமக்கு நல்ல காலம். பேசியவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள், ஆள்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள், வேலை வருமா என்று காத்திருந்தவர்கள். ஆர்டர் வருவதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதையும் நான் அறிவேன். ஆனால் அங்கே மூடிக் கிடந்த ஃபேக்டரியிலும் ஒரு செக்கிங் மேசை உண்டு. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடைதான். சுமார் 40 லட்சம் பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். டாக்காவை அடுத்த ஆஷுலியாவிலும் காஜிப்பூரிலும் நிற்கிற அந்தப் பெண்களும் கழுத்துப் பட்டியை இழுத்துத்தான் பார்க்கிறார்கள். சில வேளை ஒரே பையர் ஒரே ஸ்டைலில் பாதியை அங்கேயும் பாதியை இங்கேயும் கொடுப்பார். அதே அட்டை, அதே டாலர் விலை.

அவர்களுடைய வரலாற்றை நாம் படிக்காமல் விட்டுவிட்டோம் என்பது எனக்கு வருத்தம். 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் மாடிகளில் இருந்த ஆடை நிறுவனங்கள் மட்டும் மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வரவேண்டும் என்றன. ஷிப்மென்ட் தேதி நெருங்கியிருந்தது. ஏப்ரல் 24 காலை மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் மொத்தமாக இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். ஷிப்மென்ட் தேதி என்ற சொல்லை நான் ஒவ்வொரு நாளும் பல முறை எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்காக விரிசல் விட்ட கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது என் தொழிலைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அங்கே தொழிற்சங்கங்களும் உலகப் பிராண்டுகளும் தீயணைப்பு, கட்டடப் பாதுகாப்பு பற்றிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. அது பின்னர் பாகிஸ்தானுக்கும் விரிந்தது. 2023-இன் இறுதியில் சம்பள உயர்வு கேட்டுத் தெருவில் இறங்கிய தொழிலாளர்களில் சிலர் உயிரிழந்தார்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 8,000 டக்காவிலிருந்து (டக்கா அந்நாட்டு நாணயம்) 12,500 டக்காவாக உயர்ந்தது. இது எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் போட்டியாளரின் செலவு கூடுகிறது என்ற கோணத்தில்தான் பேசப்பட்டது. அவர்களுக்கு 20, நமக்கு 50 என்று ஆகஸ்டில் ஆனபோது டாக்காவில் யாராவது நமக்கு நல்ல காலம் என்று சொல்லியிருப்பார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாக்கியம் எந்த ஊரில் சொல்லப்பட்டாலும் அதன் மறுபக்கத்தில் ஐந்தரைக்கு வீடு திரும்புகிற ஒருத்தி இருக்கிறாள் என்பதை இப்போது என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கப்பல் விவகாரமும் இப்படித்தான். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பின் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போனது. தூத்துக்குடியில் ஏற்றிக் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகிற எங்கள் பெட்டிகள் வழக்கத்தைவிட இரண்டு வாரம் வரை தாமதமாகின. கப்பல் கட்டணம் ஏறியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்தக் கப்பல்களில் வேலை செய்து சிறைபிடிக்கப்பட்டும் இறந்தும் போன மாலுமிகளைப் பற்றி மிகச் சிலரே பேசினார்கள்.

தூரத்து மக்களைப் பற்றி நாம் எதையும் சரிபார்க்காமல் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை 2023 மார்ச்சில் இந்த ஊரே அனுபவித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் பல, வேறு காரணங்களுக்காக வேறு இடங்களில் நடந்த சம்பவங்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டிய பொய். ஆனால் பாட்னாவிலும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களிலும் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த தாய்க்கு அது உலகச் செய்திதான். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, திருப்பூர் ரயில் நிலையம் மூட்டை முடிச்சுகளால் நிரம்பியது. எங்கள் தெருவில் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருந்த பீகார் இளைஞர்களில் ஒருவர் ஃபோனைக் காட்டினார். அவருடைய அம்மா தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருந்தார். "இங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டேன் என்கிறார். மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள் என்று நினைக்கிறார்" என்றார். காவல்துறை இந்தியில் அறிவிப்புகள் கொடுத்தது, உதவி எண்கள் வெளியிட்டது, பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. பொய் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனாலும் அந்தத் தாயின் அந்த இரவுகளை யாரால் திருப்பித் தர முடியும்?

அந்தக் கதையில் தூரத்து நாடு நாம்தான். நம்மைப் பற்றி அறியாத ஒருவர் ஒரு நிமிடக் காணொளியில் நம்மைக் கொலைகாரர்களாகப் பார்த்தார். அதிலிருந்து நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். காசாவோ உக்ரைனோ மணிப்பூரோ, எந்தக் காணொளி குடும்பக் குழுவுக்கு வந்தாலும் அது எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்ற மூன்றும் தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. என் சித்தப்பா இதற்காக என்னோடு வாக்குவாதம் செய்வார். "எல்லோரும்தான் கண்ணு அனுப்புறாங்க" என்பார். அவரிடம் அந்தப் பீகார் இளைஞரைப் பற்றிச் சொல்வேன். அவருக்கு அந்த இளைஞரைத் தெரியும். சித்தப்பாவின் டேபிளில்தான் அந்த இளைஞர் கைமடிக்கிறார், அதாவது டெய்லருக்கு உதவியாளாக இருக்கிறார். அதன் பிறகு சித்தப்பா கொஞ்சம் யோசிக்கிறார்.

என்னை அதிகம் தொந்தரவு செய்கிற விஷயம் இனிமேல் சொல்லப்போவது. 2025 ஆகஸ்டு 22 அன்று, காசா நகரமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் பஞ்சத்தில் இருக்கின்றன என்று ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. பஞ்சம் என்ற சொல்லை அவர்கள் எளிதில் பயன்படுத்துவதில்லை. உணவில்லாத குடும்பங்களின் விகிதம், குழந்தைகளின் உடல்நலிவு, நாளொன்றுக்கு இறப்பு என எல்லாம் ஒரு கொடிய அளவைத் தாண்டிய பிறகே சொல்வார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து நமக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் நான் போன இடமெல்லாம் வரிப் பேச்சு மட்டுமே. என் பேச்சும் அதுதான்; எங்கள் அலுவலகத்தில் மூன்று ஷிப்மென்ட் தொங்கிக்கொண்டிருந்தது. வரியைப் பற்றிப் பேசியதில் தவறில்லை. ஆனால் ஒரு குழந்தை பசியால் இறப்பது, அங்கே நாம் டி-சர்ட் அனுப்புவதில்லை என்ற ஒரே காரணத்தால் நம் பேச்சுக்குள் வராமலே போகலாமா?

நம் பேச்சிலிருந்து சூடான் இதைவிடவும் தூரத்தில் கிடக்கிறது. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் இடையே தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீடு இழக்கச் செய்திருக்கிறது. மேற்கு சூடானின் டார்ஃபூரில் எல் ஃபாஷர் என்ற நகரம் ஓராண்டுக்கு மேல் முற்றுகையில் கிடந்தது. 2025 அக்டோபர் 26 அன்று அது ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக வந்த தகவலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்த நேரம் அது. நான் படித்த நாளிதழில் அந்தச் செய்தி உள்பக்கத்தில் நான்கு வரி.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவுக்கு நான் செய்தி வாசித்துக் காட்டுவது வழக்கம். எந்த நாட்டைப் பற்றி வாசித்தாலும் அம்மா முதலில் கேட்பது, "அங்கெல்லாம் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதுதான். எல் ஃபாஷரைப் பற்றி வாசித்தபோதும் அதையே கேட்டார். கடைசி மாதங்களில் எண்ணெய் பிழிந்த சக்கையை, மாட்டுத் தீவனத்தை மக்கள் தின்றார்கள் என்று சொன்னேன். அம்மா புண்ணாக்கா என்று கேட்டார். ஆமாம், கடலைப் புண்ணாக்கு என்றேன். சிறுவயதில் மாட்டுக்கு அதை ஊறவைத்துப் போட்டவர் அவர். தட்டில் கையை வைத்தபடியே, எத்தனை நாள் அப்படி என்று கேட்டார். பிறகு அங்கேயும் பனியன் கம்பெனி உண்டா என்று கேட்டார். அப்படியொன்றும் இல்லை, அங்கே தங்கம் உண்டு என்றேன்.

தங்கம் என்றதும் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சூடானில் தோண்டப்படும் தங்கத்தின் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. போரிடும் இரு தரப்புக்கும் ஆயுதச் செலவுக்கு அது ஒரு வழி. அமீரகத்திலிருந்து தங்கம் உலகச் சந்தைக்குப் போகிறது, நம் நாடும் அங்கிருந்து வாங்குகிறது. உருக்கிய தங்கத்தில் எந்த ஊர் மண் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் சொன்ன பிறகுதான் அப்பா சூடான் எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஃபோனில் வரைபடத்தைக் காட்டச் சொன்னார்.

அவர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். என்றாலும் அந்த இரவு எனக்குள் ஒரு சங்கடம் தங்கியது. தங்கம் என்ற நூல் கிடைக்காமல் போயிருந்தால் அப்பா கேட்டிருக்க மாட்டார். உலகத்தில் ஒவ்வொரு துயரத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையே இப்படி ஒரு நூலைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் நாம் செவிகொடுப்போம் என்றால், நூல் கிடைக்காத ஊர்களின் கதி என்ன? அம்மா அந்த நூலுக்காகக் காத்திருக்கவில்லை. அவருக்குப் புண்ணாக்கு போதுமானதாக இருந்தது. பசியைப் பற்றிக் கேட்பதற்கு அவருக்கு எந்தப் பொருளாதாரத் தொடர்பும் தேவைப்படவில்லை. அம்மா கேட்கிற அந்தக் கேள்வியோடு செய்தி படிப்பதே சரியான முறை என்று நான் நம்புகிறேன்.

என் தோழி ஒருத்தி, இதையெல்லாம் படித்து நாம் என்ன செய்யப்போகிறோம், தூக்கம்தான் கெடும் என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவு வரை ஃபோனில் ஒரு துயரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டே போவதால் யாருக்கும் பயனில்லை. நான் படிக்கும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு செய்தியை எடுத்தால் அதன் தொடக்கம் எது, யார் யாருக்கு எதிராக, அடுத்த மாதம் என்ன ஆனது என்று தொடர்ந்து போகிறேன். என்னால் போரை நிறுத்த முடியாது. ஆனால் ஒரு மக்களின் மரணத்தை என்னைச் சுற்றியுள்ள பத்துப் பேர் அறிந்திருப்பதும் அறியாமலே இருப்பதும் ஒன்றல்ல. ராணா பிளாசாவுக்குப் பிறகு பிராண்டுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கு, வாங்குகிற நாடுகளில் முகம் தெரியாத பலர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டதும் ஒரு காரணம்.

அப்படிப் பார்த்தால் இப்போது நம்மைப் பற்றியும் யாராவது சரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் நான் இதை எழுதியபோது 50 சதவீத வரி அப்படியே நின்றது. இந்த வரிகள் செல்லுமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நவம்பர் 5 அன்று வாதங்களைக் கேட்டது. பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு 2025 இறுதி வரை நீக்கியிருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அங்கிருந்து ஆர்டர் கூடும் என்றார்கள். இவையெல்லாம் கம்பெனிகளின் கணக்கு, தேவையான கணக்குதான்.

அப்பா வேலை செய்கிற பவர் டேபிளின் நிலைமை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிற சின்ன இடம் அது. பீஸ் ரேட். நியமனக் கடிதம் கிடையாது, ஆகவே நீக்கும் கடிதமும் கிடையாது. வேலை வந்தால் டேபிள்காரர் திங்கட்கிழமை காலை ஃபோன் செய்வார்; வரவில்லை என்றால் செய்ய மாட்டார். அமெரிக்க வரியால் திருப்பூரில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று வருகிற செய்திகள் ஏற்றுமதியாளர்களிடம் கேட்டு எழுதப்படுகின்றன. அந்தப் பட்டியலில் அப்பா இல்லை, ஏனென்றால் அவர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. ஃபோன் வராத திங்கட்கிழமைகளை எங்கும் யாரும் எழுதி வைப்பதில்லை. தொழிலாளர் துறையும் தொழிற்சங்கங்களும் செய்தியாளர்களும் வீரபாண்டியிலும் நெருப்பெரிச்சலிலும் வேலம்பாளையத்திலும் டேபிள் டேபிளாக ஏறி இறங்கி, ஆகஸ்டுக்குப் பிறகு யார் யாருக்கு எத்தனை வாரம் வேலை இல்லை என்று கேட்டு எழுத வேண்டும். அப்படி ஒரு கணக்கெடுப்பை யாராவது தொடங்கினால், எங்கள் தெருவிலிருக்கும் டேபிள்கள் எவை என்று காட்டவும் உடன் வந்து கேட்டு எழுதவும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறேன்.